தூக்கி வைப்பதற்குப் பதில்

சமையலறை மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டுவிட்டார் தச்சர். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் அவர் செய்கிற முதல் வேலை இதுதான். ஒரு சமையலை முழுசாகப் பார்க்காமல் அளவு நாடா பையை விட்டு வெளியே வராது.

"என்ன மாத்தணும்னு கேட்டா எல்லாரும் அலமாரியத்தான் சொல்லுவாங்க. எது படுத்துதுன்னு அவங்களுக்கே தெரியாது" என்பார். கண்ணை மூடுவதற்கும் காரணம் உண்டு. "உத்துப் பாத்தா மாமியார் வந்த மாதிரி எல்லாத்தையும் ஒழுங்கா செய்வாங்க. தூங்கறான்னு நெனச்சாத்தான் நெசம் வெளிய வரும்."

பெரிய உடம்பு, காதில் பென்சில், புருவத்தில் மரத்தூள். உளியைத் தொடும் முன் ஒரு நொடி கைகூப்பி ஆண்டவனை நினைத்துக்கொள்வார். தெருவில் அவருக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொள்வதில்லை. அவர் மனைவி ஒருத்திதான் விடமாட்டாள். "ஊரார் அடுப்படிய உக்காந்து உக்காந்து பாப்பாரு. நம்ம வீட்டு அலமாரிய மட்டும் பாக்காமலே அடிச்சாரு. நிமிர்ந்தா போதும், மண்டையில ஒரு குட்டு!" தச்சர் தலையைச் சொறிவார். "என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதான்னு நெனச்சுட்டேன். அங்கதான் தப்பு."

இப்போது அவர் இருப்பது ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் வீட்டில். டிரைவரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "அம்மா தனியா ஒரு டீ போட்டுக் காட்டட்டும், நான் வாயத் தொறக்கல. முடியலேன்னா ரெண்டு பேரும் என்னோட வந்துடணும்." அந்த அம்மாளுக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை.

"அலமாரியெல்லாம் கீழ இறக்கிடுங்க தம்பி" என்றார் டிரைவர்.

"அக்கா முதல்ல டீ போடட்டும்ணே."

"வேடிக்கை பாக்கவா வந்தீங்க?" என்று முணுமுணுத்தாலும், அந்த அம்மாள் பரீட்சை எழுதுவது போல் நிதானமாகத்தான் தொடங்கினாள். தச்சர் லேசாகக் குறட்டை விட்டார். அப்புறம் அவள் கை தன் பழைய வேகத்துக்கு வந்தது. மேல் தட்டில் இருந்த டீத்தூளை எட்டி எடுத்தாள். ஒரு சிரமமும் இல்லை. குழாயடியில் பாத்திரம் நிறைந்ததும்தான் சங்கடம். அடுப்பு எதிர்ச் சுவரில். ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது. சட்டென்று கூடத்துப் பக்கம் பார்த்தாள். கணவர் கவனிக்கவில்லை. ஈரத்தைக் காலாலேயே தேய்த்து மறைத்தாள்.

தச்சரின் குறட்டை நின்றது.

"அலமாரி அப்படியே கெடக்கட்டும்ணே. அடுப்பக் குழாய்ப் பக்கம் கொண்டாந்துடலாம். நடுவுல பலகை போட்டு மேடையாக்கிடறேன். அக்கா பாத்திரத்தத் தூக்கவே வேணாம், தள்ளிக்கிட்டே போகலாம்."

"நாங்க குடிவந்த நாள்லேருந்து அடுப்பு அங்கதானே இருக்கு?"

"அக்கா கை அன்னிக்கே இப்படியா இருந்துச்சு?"

டிரைவர் எழுந்து வந்து அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

வேலை முடிந்து மகன் வந்த அன்று தச்சரும் வந்திருந்தார். அந்த அம்மாள் பாத்திரத்தை நிரப்பி, மேடை மேல் தள்ளிக்கொண்டே வந்தாள். பலகை சேரும் இடத்தில் பாத்திரம் தட்டி நின்றது. மகன் பதறி எழுந்தான். தச்சர் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அவள் யாரையும் பார்க்கவில்லை. இன்னொரு தள்ளு. பாத்திரம் தாண்டியது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. பற்றவைத்த அடுப்பின் மேல் அதைத் தூக்காமலே தள்ளி ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

மகன் கார்ச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எனக்கு ஸ்ட்ராங்கா போடும்மா" என்றான்.

"தம்பி, உங்களுக்குச் சக்கரை எவ்வளவு?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

தச்சர் காதில் அது விழவில்லை. மேடை ஓரம் மண்டி போட்டு, பாத்திரம் தட்டிய இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.