விசில் அடிக்க அனுமதி இல்லை

செம்பரம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டுக்குள் அந்த அறிவிப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆண்டு விழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். காகிதத்தைக் கிழிக்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை. செருப்பை வரிசையாக விடவும், தின்பண்டக் காகிதத்தைத் தொட்டியில் போடவும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு வரி: 'விசில் அடிக்க அனுமதி இல்லை.' அந்த வரியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது ஆறுகிற வழியாகத் தெரியவில்லை.

அதே காகிதத்தின் மேல்பாதியில்தான் 'வெண்புறா இன்னிசைக் குழு' என்ற பெயரும் இருந்தது. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, என் மாடியில் கதவு திறந்து மூடி லிஃப்ட் மறுபடி கீழே போனதுகூடத் தெரியாமல் நின்றேன். வெண்புறா இன்னும் இருக்கிறதா?

விழாவன்று காலையில் பந்தல்காரர்கள் தார்ப்பாயை இறக்கினார்கள். மழையில் நனைந்து, மடித்து, மறந்துபோன தார்ப்பாய்க்கு ஒரு வாடை உண்டு. அது மூக்கில் ஏறியதும் நான் செம்பரம்பாக்கத்தில் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் இருந்தேன். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எங்கள் வரிசையில் திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று சாயங்காலம் மண்ணூர்பேட்டையிலிருந்து வெண்புறா வரும். இடம் பிடிக்க அம்மா பாயை மதியமே விரித்துவிடுவாள். அந்தப் பாயில் அடுத்த வீட்டுக்காரர் காலை வைத்துவிட்டால் மறுநாள் குழாயடியில் அது ஒரு வழக்காகிவிடும்.

வெண்புறாவில் புல்லாங்குழல் கிடையாது. குழல்காரர் ஒரு நாள் வராமல் போக, ஸ்பீக்கர் பெட்டி தூக்க வந்திருந்த தாமு அண்ணன் மைக் முன்னால் போய்க் குழல் வரும் இடங்களையெல்லாம் விசிலிலேயே அடித்தாராம். அதற்குப் பிறகு அவர்கள் குழல்காரரைத் தேடவேயில்லை. தாமு அண்ணன் பகலில் லேத் பட்டறையில் டர்னர். மேடையில் விரலை வாயில் வைக்க மாட்டார். உதட்டை லேசாகக் குவிப்பார், அவ்வளவுதான். ஸ்வரம் வழுக்கிக்கொண்டு இறங்கி, நடுவில் ஓர் இடத்தில் நடுங்கி நிற்கும்.

எங்கள் மைதானத்தில் எழுதி ஒட்டாத ஒரு சட்டம் இருந்தது: தாமு அடிக்கும்போது வேறு எவனும் விசில் அடிக்கக் கூடாது. மற்ற பாட்டுக்கெல்லாம் காது கிழிய அடிக்கிற கூட்டம், அவர் மைக்கை நெருங்கியதும் வாயிலிருந்து விரலை எடுத்துவிடும். ஒரு புதுப் பையன் தெரியாமல் அடித்துவிட்டான். "டேய், அண்ணாத்தே அடிக்கிறார்ல, வாயப் பொத்துடா" என்று நாலைந்து பக்கத்திலிருந்து குரல் வந்தது. நானும் அந்த வித்தையைப் பழகினேன். எச்சில்தான் தெறித்தது. "ஏலே, பஞ்சரான ட்யூப் மாதிரி காத்துல்லா வருது" என்று அப்பா சொன்னதோடு என் இசைப் பயணம் முடிந்தது.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லி, அவளை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தாமு அண்ணன். தலை முழுக்க வெளுத்திருந்தது. நான் ஆவடிப் பையன் என்று சொன்னதும் எழுந்துவிட்டார்.

"குவார்ட்டர்ஸ் புள்ளையா நீ? அங்கதான்பா நமக்கு மரியாதியே. இன்னா, இப்ப லேப்டாப்ல பாதிப் பாட்டு அதுவே ஓடுது. விசில் வர்ற எடம் மட்டும் நம்மளுது."

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து, மெதுவாக ஒரு வரி அடித்துக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நடுக்கம் அப்படியே இருந்தது. என் முன்கை மயிர் எழுந்து நின்றது.

அந்த ஒரு வரிக்கே வாட்ச்மேன் வந்துவிட்டார். அவர் பின்னாலேயே எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, கெட்டவர் இல்லை.

"விசில் வேண்டாங்க. ரூல் போட்டிருக்கோம். போன வருசம் பசங்க அடிச்சு லேடீஸெல்லாம் கம்ப்ளைண்ட் பண்ணிட்டாங்க."

"அது கூட்டத்துக்குப் போட்ட ரூல் சார். இவர் அடிக்கிறது பாட்டு" என்றேன்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் அடிப்பாங்க சார். ரூல்னா எல்லாருக்கும்தானுங்க."

குழுவை இப்போது நடத்துபவர் பழைய தலைவரின் மகன். அவராவது சண்டை போடுவார் என்று பார்த்தேன். "நோ ப்ராப்ளம் சார், ட்ராக்ல ஃப்ளூட் இருக்கு. அத ஓட்டிக்கலாம்" என்றார். தாமு அண்ணன் வெறுங்கையோடு மேடையில் நின்றால் நன்றாக இருக்காதே என்று செயலாளருக்கு அடுத்த கவலை. சற்று முன்புதான் குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி நடந்திருந்தது. கிருஷ்ணர் வேடம் போட்ட குழந்தையின் புல்லாங்குழலை யாரோ கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக். ஜரிகைத் தாள் சுற்றி, முனையில் குஞ்சலம் தொங்கியது.

தாமு அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஓட்டையே இல்லியே நைனா" என்றார் தலைவரின் மகனிடம்.

"சும்மா வாயில வெச்சிக்கினு நில்லுண்ணா. யார் பாக்கப் போறாங்க?"

நின்றார். 'புல்லாங்குழல் தாமு சார்' என்று அறிவித்தார்கள். லேப்டாப்பிலிருந்து, முகம் தெரியாத எவரோ என்றோ வாசித்த குழல் பிசிறில்லாமல் வந்தது. தாமு அண்ணனின் விரல்கள் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் மேல் ஏறி இறங்கின. எந்த இடத்தில் எந்த விரல் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவர் வாழ்நாளில் குழலைத் தொட்டவர் இல்லை. மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்று, "அது அவர் வாசிக்கிறது இல்ல, அவர விசிலடிக்க விடுங்க" என்று கத்தினேன். பின்வரிசையிலிருந்து "சார், உக்காருங்க, வீடியோல மறைக்குது" என்றார்கள். பாட்டு முடிந்ததும் கைத்தட்டல். மகள் என் பக்கம் சாய்ந்து, "ஃப்ளூட் தாத்தா சூப்பர்ப்பா" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அவள் கேட்டது அதைத்தான்.

முடிந்த பிறகு தாமு அண்ணன் குழலைக் கைக்குட்டையால் துடைத்து, அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவரோடு நடந்து கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தேன்.

"ஏண்ணே ஒத்துக்கிட்டீங்க?"

"பின்ன? மேடைய உட்டு எறங்கிட்டா அப்புறம் ஊட்லயே குந்திக்கினு கீறதுதான்."

"சரி, எனக்காக ஒரு வரி அடிங்கண்ணே. இங்க யாரு கேக்கப் போறாங்க?"

சிரித்தார். உதட்டை நனைத்துக்கொண்டு குவித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண் என் தோளைத் தாண்டிப் போனது, திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்கு உள்ளே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் நைனா. செக்யூரிட்டி பாக்குறான்."

நாங்கள் நின்றிருந்தது பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரம். அது எந்தச் சங்கத்துக்கும் சொந்தமான இடம் இல்லை. அண்ணே, இது ரோடு, இங்கே அவன் ஒன்றும் கேட்க முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.