பச்சைமலையில் அம்மா ஊதிய விசில்

"…ஒரு விசிலுக்கு நிக்குது, ரெண்டு விசிலுக்குக் கெளம்புது. இதத்தானடா நானும் இருவது வருஷம் பண்ணேன்? ஒனக்கு மட்டும் காக்கிச் சட்டை. எனக்கு ஒரு தொப்பியாச்சும் குடுத்தானுங்களா?"

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன்படிக்கட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வண்டி முழுக்கக் கேட்கும்படி இப்படிச் சொன்னவள் என் அம்மா. அந்த வண்டிக்குக் கண்டக்டர் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் பஸ்ஸில் ஏறும் ஜனங்களின் வாயைப் பார்த்துத்தான். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ பேச்சு பேசிவிட்டு இறங்கிப் போவார்கள், நல்லதை நான் பிடித்து வைத்துக்கொள்வேன். ஆனால் பெற்றவள் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிற பேச்சு இன்னும் ஏறவில்லை. அன்று அவள் தொப்பியைப் பற்றிக் கேட்டதும் டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு மலைப்பாதைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ரெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பெரிய பள்ளம் ஒன்று ஊரை ஒட்டி இருந்தது. எல்லாரும் அதை மைன்ஸ் என்பார்கள். அம்மாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலத்தைத் தள்ளியவர்கள். அந்த வழியில் வயலை விட்டு வெளியே வந்து வேலை பார்த்த முதல் பெண் அம்மாதான். பாறைக்கு வெடி வைக்கும் நேரத்தில், பள்ளத்தை ஒட்டிய வண்டிப்பாதையில் சிவப்புக்கொடியோடு நின்று ஆட்களை நிறுத்துவது அவள் வேலை. நீளமாக ஒரு விசில் ஊதினால், எங்கே இருக்கிறாயோ அங்கேயே உட்கார், காதைப் பொத்திக்கொள், வாயைத் திறக்காதே என்று அர்த்தம். வெடித்து அடங்கி, உள்ளே போய்ப் பார்த்தவர்கள் கை காட்டிய பிறகு குட்டையாக இரண்டு விசில் வரும். எழுந்து போகலாம். நடுவில் யார் கெஞ்சினாலும் அம்மா அசைய மாட்டாள். ஒருமுறை மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் பைக்கில் வந்து, "முகூர்த்தம் தப்பிடும்க்கா, தாலி இங்க என் பையில இருக்கு" என்று பதறினான். "தப்புனா அடுத்த முகூர்த்தம் இருக்கு தம்பி. கட்டுறதுக்கு மாப்ளைக்குத் தாலி வேணும்னா, நீ முழுசா போய்ச் சேரணுமில்ல?" என்றாள். அவன் புளியமரத்தடியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். எங்கம்மா ஊதினால் கல்யாணமே நிற்கும் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டது இந்தக் கதையை வைத்துத்தான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த விசில் ரத்தத்தில் ஊறிய விஷயம். கோலி விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, முதுகில் அடி வாங்கிக்கொண்டிருந்தாலும் சரி, நீள விசில் கேட்டால் அடிப்பவரும் அடிபடுபவரும் சேர்ந்தே உட்கார்ந்துவிடுவோம். என் தங்கைக்கு மட்டும் அது தனியாகச் சொல்லித்தரப்பட்டது. கால் தரையில் படாமல் ஓடுகிறவள் அவள். ரோட்டுப் பக்கம் ஓடினால் அம்மா வாசலில் நின்று ஒரு ஊது ஊதுவாள். பாப்பா ஓடிய இடத்திலேயே பொத்தென்று உட்காருவாள். இரண்டாவது விசில் வரும்வரை ஈ மொய்த்தாலும் கையை எடுக்க மாட்டாள்.

அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு மைன்ஸ் லீவு. மலைக்குப் போகலாம் என்று சொன்னது அம்மாதான். "பள்ளத்தப் பாத்துப் பாத்து எங் கண்ணு கீழயே போவுது. ஒரு நாளாச்சும் நிமுந்து பாக்கணும்" என்றாள். சிமெண்டு மூட்டை ஏற்றுகிற அப்பாவுக்கு லீவு என்றால் படுத்துக் கிடப்பதுதான். "மல என்ன ஓடியா போவுது? இன்னொரு வருஷம் பாத்துக்கலாம் புள்ள" என்று சொல்லிப் பார்த்தார். விடியற்காலையே புளிச்சோறு கிண்டித் தூக்குவாளியில் அடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். அரியலூர் போய், பெரம்பலூர் போய், இன்னொரு பஸ் மாறி, பச்சைமலை அடிவாரத்தில் இறங்கினோம். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்து. நாலு பேருக்கும் அதுதான் முதல் மலை. தங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம பள்ளத்துல அள்ளுன மண்ணையெல்லாம் இங்கதான் கொட்டி வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். அப்பா அதற்கே ஒரு பர்லாங்கு தூரம் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஒற்றையடிப்பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் புதர் மூடிய சரிவு. ஏறஏறக் காற்று சில்லிட்டது. அம்மாவின் கழுத்தில் சிவப்பு நூலில் விசில் தொங்கியது. "லீவு நாள்லயும் எதுக்கு இத மாட்டிக்கிட்டு வர்ற? மலையையா நிறுத்தப் போற?" என்று அப்பா சீண்டினார். "நீங்க நின்னுட்டா தள்ளுறதுக்கு" என்றாள் அம்மா. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வருவது என் பொறுப்பு. நானும் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். ஓரத்தில் ஒரு காட்டு நெல்லி மரம், கைக்கு எட்டுகிற கிளை. ஒரே ஒரு நிமிஷம் அவள் கையை விட்டேன். நெல்லிக்காயோடு திரும்பினால் பாப்பா இல்லை. பாதையே இல்லை. மேலே இருந்து வெள்ளையாக மூட்டம் இறங்கி, நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் செய்துவிட்டது.

நான் கத்திய கத்தலில் பின்னால் வந்த இருவரும் ஓடி வந்தார்கள். அப்பா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா… பாப்பா…" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு இறங்கி வந்த மலைக்காரர் ஒருவர் விஷயம் கேட்டுத் தலைச்சுமையை இறக்கி வைத்தார். "சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க. மூட்டத்துல எறங்கித் தேடாதீங்க. இந்தப் பக்கம் பூரா சறுக்குப் பாறை, கால வச்சா நிக்காது" என்றார். அதைக் கேட்டதும் அம்மா விசிலை வாயில் வைத்தாள்.

நீளமாக ஊதினாள். மூச்சு முட்டும்வரை ஊதினாள். நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சருகுகூட அசையவில்லை. மறுபடியும் ஊதினாள். நடுநடுவே அப்பாவும் கூப்பிட்டார். இரண்டு வருஷமாகச் சண்டைக்கார லாரிக்காரர்களையெல்லாம் நிறுத்திய அந்த விசில், பெற்ற மகளை ஒரு அடிகூட வரவழைக்கவில்லை. ஐந்தாறு தடவை இருக்கும். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை.

அப்போதுதான் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாதையில் குத்தவைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. விசில் சத்தத்துக்கு முழங்கால் தானாக மடிந்திருக்கிறது. அம்மா என்னையே பார்த்தாள். விசிலை முந்தானையில் துடைத்தாள். மறுபடி வாயில் வைத்து, குட்டையாக, நிதானமாக, இரண்டு தடவை ஊதினாள்.

பாதைக்குக் கீழே, நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபது அடிகூட இருக்காது, புதர் சலசலத்தது. மூட்டத்துக்குள்ளிருந்து பாவாடையைத் தட்டிக்கொண்டே ஏறி வந்தாள் தங்கை. "வெடி போட்டாச்சாம்மா? சத்தமே கேக்கல" என்றாள். அப்பா அவளை வாரித் தூக்கி, "நான் கூப்புட்டது காதுல விழலையா பாப்பா?" என்று கேட்டார். "விழுந்துச்சு. அம்மா ரெண்டு விசில் ஊதலையே!" என்றாள். கூடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "கேட்டுக்கிட்டீங்களா, நம்ம மதிப்பு அவ்வளவுதான்" என்று அப்பா அவரிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே பாப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மூட்டம் விலகியது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தோம். புதர் முடிந்து, ஒரு வழவழப்பான பாறை. அதற்கப்புறம் வெறும் ஆகாயம். ஓடிக்கொண்டிருந்தவளை முதல் விசில்தான் அங்கே உட்கார வைத்திருக்கிறது. "நீ ஊதலன்னா எம் புள்ள இல்ல" என்று அப்பா சொன்னார். அம்மா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "நான் நிறுத்தவா ஊதுனேன்? வரச் சொல்லி ஊதுனேன். எனக்கே மறந்துபோச்சு, அதுக்கு மறக்கல. அது கெட்டிக்காரத்தனம் அது" என்றாள். இன்றுவரை அதே பதில்தான். எல்லாரையும் நிறுத்தியே பழகிய வாய், ஒரு நாள் கூப்பிட வேண்டி வந்தபோது வழி தெரியாமல் நின்றது. அந்த நிமிஷத்தில் அவள் அலறிக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கலாம். எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். எங்கம்மா நின்றாள், பார்த்தாள், தன் தப்பைத் தானே கண்டுபிடித்து அங்கேயே திருத்தினாள். தன் வேலையை அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கும் ஆளை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார் அப்பா. அம்மா தங்கையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நிமுந்து பாக்கத்தான வந்தோம்? பாத்துட்டே போவோம்" என்று முன்னால் நடந்தாள். கையை விட்டதற்காக என்னை அவள் திட்டவில்லை. மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். கீழே சமவெளி விரிந்து கிடந்தது. கிழக்கே வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டி, நம் ஊர்ப் புகை என்று அப்பா சத்தியம் செய்தார். "அது மேகங்க" என்றாள் அம்மா. தங்கைக்கு அந்த நெல்லிக்காயைக் கொடுத்தேன். கசக்குது என்று துப்பிவிட்டாள்.

தங்கை இப்போது பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். யார் சொன்னாலும் ஒரு இடத்தில் உட்காராதவள் என்று அவள் வீட்டுக்காரர் குறைப்படுகிறார். அவருக்கு ஊதத் தெரியவில்லை என்பாள் அம்மா. தொப்பி கேட்ட அன்றைக்கு அம்மா தங்கையைப் பார்க்கத்தான் என் பஸ்ஸில் ஏறியிருந்தாள்.

அந்தத் தொப்பிப் பேச்சு நடந்தபோது வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் பின்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். என் விசில் பையில் இருந்தது, கை அதைத் துழாவிக்கொண்டிருந்தது. அம்மா கழுத்தைத் திருப்பிப் பின்படியைப் பார்த்தாள். அந்தப் பெண் இரண்டு காலையும் உள்ளே வைத்து, கம்பியைப் பிடிக்கும்வரை பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து சிவப்பு நூலை இழுத்து, குட்டையாக, நிதானமாக, இரண்டு தடவை ஊதினாள். டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார்.