பாலத்தில் வராத குலுக்கல்

1. அம்மாவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது.
2. அதன்பின் அப்பாவின் பழைய பெரிய காரில் ஏறியவர், அதன் குலுக்கலில் வலி தாங்காமல் பாதி வழியில் இறங்கிவிட்டார்.
3. அம்மா ஏறாத கார் எதற்கு, விற்றுவிடலாம் என்றார் அப்பா.
4. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, காரைக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கார் திருத்தும் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

பின்சக்கரங்களை, அந்தப் பின்சில்லுகள் இரண்டையும், ஒரே இரும்பு அச்சு இணைத்திருந்ததால், ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து துள்ளும். அதைக் கழற்றிவிட்டு, நான் வரைந்த வரைபடத்தின்படி புதிய தாங்கிகளை வெல்ட் பண்ணி, ஒரு ஜப்பான் காரின் பின்சில்லுத் தொகுதியைப் பொருத்தினோம். அதில் ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் ஏறி இறங்கும்.

வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குத்தான் முதல் ஓட்டம். வழியில் கால்வாய்ப் பாலத்தின் தொடக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. சிறுவயதில் அங்கே வந்ததும் அப்பா "பிடியுங்கோ!" என்று கத்துவார். தம்பியும் நானும் வேண்டுமென்றே கையை விட்டு, கூரையில் தலை இடித்துச் சிரிப்போம். அன்றும் காரை ஓட்டிய அவர் பழக்கத்தில் கத்தினார். பின்சீட்டில் அம்மா கண்ணை மூடி என் கையை இறுக்கினார்.

"பாலம் வந்திட்டுதே?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

"அது அப்பவே போயிட்டுதம்மா."

"அப்ப ஏனப்பா கத்தினனீங்கள்? சும்மா மனிசரைப் பயப்படுத்திக்கொண்டு!"

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்ர காரை எங்க பிள்ளை ஒளிச்சு வச்சனி?"

சிரித்தேன். எனக்கும் அந்தத் துள்ளல் கொஞ்சம் வேண்டியிருந்தது.

கார் விற்கப்படவில்லை. அம்மா அதில்தான் பெரியம்மா வீட்டுக்குப் போய்வருகிறார். பாலத்தில் அப்பா இன்னும் கத்துகிறார்.