பீரோ கண்ணாடியில் ஒரு முகம்

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த நேரம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். ஒருநாள் மதியம், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு ஒரு பெண் வந்தார். கையில் செங்கல் பருமனுக்கு ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்.

“எங்க வூட்டுக்காரரு போட்டோகிராபர்ணா. போன மாசம் தவறிட்டாரு. பிள்ளைப்பாக்கத்துல கடைசியா எடுத்த கல்யாண போட்டோ எல்லாம் இதுலதான் கீது. கல்யாண வூட்டுக்காரங்க கேட்டுக்கினே கீறாங்க. இதுல லைட்டே எரிய மாட்டேங்குது.”

பெட்டியில் எங்கும் ஸ்க்ரூ தெரியவில்லை. நெம்பித் திறந்தால் உள்ளே இருப்பது அடிபடலாம். யோசித்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்த ரப்பர் கால்களை உரித்தேன். ஸ்க்ரூக்கள் அங்கே ஒளிந்திருந்தன. திறந்ததும் கருகிய வாடை வந்தது. போயிருந்தது பெட்டியின் சர்க்யூட் போர்டுதான். உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். சுழன்றது.

சிடியில் ஏற்றுவதற்கு முன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். மணப்பெண்ணுக்குப் பூ வைக்கும் படம் வந்தபோது, “நிறுத்துண்ணா” என்றார். பின்னாலிருந்த பீரோ கண்ணாடியில், கேமராவை மார்போடு பிடித்தபடி ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஊரையே எடுத்தாரு. அவரு எதுலயுமே இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்ணா.”

நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அதுவரை ஃபைல் திறக்கிறதா என்று நானே பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். அதன் பிறகு, டிஸ்க் சுழல ஆரம்பித்ததும் மானிட்டரை வந்தவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன்.