குட்டி கால் வைக்காத இடம்

இராணுவம் பிடித்துவைத்திருந்த காணி விடுபட்டு நாங்கள் குடியேறிய மறுவருடம், ஆடி மாதம் நடந்தது இது. இடம் காங்கேசன்துறைப் பக்கம். கடல் கூப்பிடு தூரம்.

காணி என் கணவரின் வீட்டாருடையது. எங்கள் கலியாணம் நடந்ததே இடம்பெயர்ந்தோர் முகாமில்தான். அவர் அங்கேயே இறந்துபோனார். மகள் பிறந்ததும் அங்கேதான். அதனால் இந்த மண்ணை நானும் அவளும் முன்பு கண்டதில்லை. வந்து பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, பற்றைக்காடு. சுற்றுக்கட்டு இல்லாத பழைய கிணறு ஒன்று இருந்தது என்று அவர் சொல்லுவார். தேடினோம். ஒரு பள்ளம்கூட இல்லை. தூர்த்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டோம். தண்ணீர் பவுசர் வண்டியில் வந்தது. தகரக் கொட்டில் போட்டுக் கருவாடு காயவைத்துப் பிழைத்தோம்.

குட்டி மன்னாரில் இருந்து வந்தது. என் தம்பி மீன் லொறி ஓட்டுகிறவன். தாய்க்கழுதை தெருவில் அடிபட்டுக் கிடக்க, பக்கத்தில் நின்ற குட்டியை லொறியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஆட்டுப்பால் பருக்கினேன். வளர்ந்தும் அது என் இடுப்புக்கு மேல் வரவில்லை. கோபம் மட்டும் யானை அளவு. வாளியை உதைக்கும். கருவாட்டுப் பாயை இழுக்கும். ஒருநாள் தம்பியின் இடுப்புச் சாரத்தைக் கடித்து அவனைத் தெருவில் துள்ள வைத்தது.

“கழுதை வளர்க்கிற மனுசியை நான் இப்பதான் பாக்கிறன்,” என்றான்.

“கொண்டந்தவன் நீதானே.”

“மாமா, அதுக்கு உங்களைவிட அறிவு கூட,” என்று மகள் சிரித்தாள்.

என்னிடம் அது அடங்கும். என் முழங்கையில் மூக்கை வைத்துக்கொண்டே கூட நடக்கும். ஒரு இடத்துக்கு மட்டும் வராது. கொட்டிலுக்குப் பின்னால், புல் குறைந்த மட்டமான நிலம். பாய் விரிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முன்காலை ஊன்றிக்கொண்டு நின்றது. தோல் நடுங்கியது. நானும் மகளும் அந்த நிலத்தின் மேலால் போய்வந்துகொண்டுதான் இருந்தோம்.

பிறகு உச்சி வெயிலில் அது தானாகவே அங்கே போகத் தொடங்கியது. ஓரத்தில் நிற்கும். காற்று அசையாத நேரம். காதை முன்னுக்கு வைத்து, நிலத்தை உற்றுக் கேட்கும். பிறகு கத்தும்.

ஒருநாள் அது கத்தி முடிய இன்னொரு கத்தல் வந்தது. மண்ணுக்குக் கீழே இருந்து. குட்டியின் குரல் இல்லை. தடித்த, வயதுபோன குரல்.

மகளின் கையில் இருந்த சுளகு விழுந்தது.

“அம்மா, கீழை ஒண்டு கத்துது.”

“ஓம்.”

“உங்களுக்கும் கேட்டதோ?”

“கேட்டது.”

குட்டி பயப்படவில்லை. பதில் கிடைத்ததுபோல வாலை ஆட்டியது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளும் அதே குரல். அதற்கடுத்த நாளும். மகளுக்குக் காய்ச்சல் பிடித்தது. சாப்பாட்டைத் தொடவில்லை.

“எத்தினை பேர் செத்த மண்ணோ. உந்தக் காணி எங்களுக்கு வேண்டாம், அம்மா. போவம்.”

எங்கே போவது? முகாமைப் பூட்டிவிட்டார்கள். இதை விட்டால் எங்களுக்கென்று கால் ஊன்ற நிலம் இல்லை. ஆனால் பிள்ளை என் கண்முன்னே உருகினாள்.

“வைரவருக்கு ஒரு சூலம் நடுவமக்கா,” என்றான் தம்பி. “பொங்கிப் படைச்சால் என்னவெண்டாலும் அடங்கும்.”

ஒரு இடம் சரியில்லை என்று பட்டால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். குரல் வந்த இடத்திலேயே நடுவது என்று முடிவெடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை. அந்த நிலத்தின் நடுவில் மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினேன். மகள் பக்கத்தில் இருந்து கற்பூரம் கொளுத்தினாள். தம்பி குழி தோண்ட அலவாங்கோடு ஓரத்தில் நின்றான். கட்டியிருந்த குட்டி எங்களைப் பார்த்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. ஒருநாளும் கால் வைக்காத அந்த நிலத்துக்குள் நேரே ஓடிவந்தது. பானையை உதைத்துக் கவிழ்த்தது. மகளின் சட்டையைப் பல்லால் கவ்வி வெளியே இழுத்தது. நான் தடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

“வைரவர் நாயிலைதானே வாறவர். இண்டைக்குக் கழுதையிலை வந்திட்டார்!” என்று சிரித்தபடி தம்பி அலவாங்கை ஓங்கிக் குத்தினான்.

அலவாங்கு அவன் கையை விட்டு உள்ளே போனது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஆழத்தில் தண்ணீர்ச் சத்தம். அதன்பின் அந்த நிலம் முழுவதும் கீழே இறங்கியது. அடுப்பும் பானையும் போயின. தம்பி பின்பக்கமாக விழுந்ததால் தப்பினான்.

கிணறு. பனங்குற்றி அடுக்கி, தகரம் பரப்பி, மண் போட்டு மூடியிருந்தார்கள். ஊரை விட்டு ஓடும்போது ஆடுமாடு விழாமல் அப்படி மூடிவிட்டு ஓடியவர்கள் பலர். கொஞ்ச நாளில் திரும்புவோம் என்று நினைத்திருப்பார்கள். குற்றிகள் உக்கும்வரை யாரும் திரும்ப முடியவில்லை.

“எதிரொலிதானக்கா,” என்றான் தம்பி. சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான். “கிணறு எங்களைப் பேக்காட்டி ஏமாத்தியிருக்கு.”

விளிம்பில் படுத்துக் கத்திப் பார்த்தான். அவன் குரல் திரும்பி வந்தது. மகள் கத்தினாள். அவள் குரலும் வந்தது. குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினோம். அது கழுத்தை நீட்டிக் கத்தியது.

கீழே இருந்து ஒன்றும் வரவில்லை.

கிணற்றை இறைத்துக் கட்டுக் கட்டினோம். நல்ல தண்ணீர். மகள் இப்போது போவோம் என்று சொல்வதில்லை. அந்தத் தடித்த குரல் யாருடையது என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை; ஆனால் வாயில்லாத ஒரு சீவன் நான் கூப்பிடும் இடத்துக்கு வர மறுத்தால், இன்றைக்கும் கயிற்றை விட்டுவிட்டு, முதலில் நான் எதன் மேல் நிற்கிறேன் என்றுதான் பார்க்கிறேன்.