கடகடத்த கேமரா

நீலாவதிக்குக் கொழுந்தன் அர்ச்சுனனைக் கண்டாலே ஆகாது. எப்படி ஆகும்? வருசா வருசம் அவள் ஊர் ஊராகப் போய் எடுத்து வந்த படங்களை, தன் பேரைப் போட்டுத் தன் ஸ்டூடியோ சுவரில் மாட்டிக்கொண்ட புண்ணியவான் அவன். கேட்டதற்கு, "கேமரா என்னுதுதானே அண்ணி?" என்று பல்லைக் காட்டினான். அவன் இரவல் கொடுத்த பழைய கேமரா அது. ஒன்றரைக் கிலோ.

அந்தக் கனம்தான் இப்போது வினை. செராமிக் கம்பெனியில் இருபது வருசம் பலகை பலகையாகச் சரக்குத் தூக்கி நீலாவதியின் வலது தோள் போய்விட்டது. போன வருசம் மூணாறு போனவள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வந்து அழுதாள். அடுத்த மாசம் ஹம்பி. நாள் முழுக்கப் பாறையில் ஏறி இறங்க வேண்டும். கனமில்லாத கேமரா ஒன்று சொந்தமாக வேண்டும். வேறு கதியில்லாமல் அர்ச்சுனனிடமே வரவழைக்கச் சொன்னாள்.

ஒரே விலையில் இரண்டு வந்தன. சின்னது உள்ளங்கையில் உட்கார்ந்தது, அரைக் கிலோகூட இல்லை. தோள் முணுமுணுக்கவில்லை. மனசு அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் பழக்கதோசம் விடுமா? கம்பெனியில் இப்போது அவளுக்கு உட்கார்ந்த வேலை. சூளையிலிருந்து வருகிற பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் காதோரம் வைத்து விரல் முட்டியால் தட்டுவாள். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ உள்ளே ஏதாவது ஆடினாலோ ரிஜெக்ட் கூடை. அதே பழக்கத்தில் கேமராவையும் காதில் வைத்து ஆட்டினாள். கடகட.

"என்னப்பா, உள்ள என்னமோ ஆடுது?"

அர்ச்சுனன் ஒரு நொடி அவளையே பார்த்தான்.

"அட, ஆமா அண்ணி. பார்சல்ல அடிபட்டிருக்குது. இத நான் திருப்பி அனுப்பிடறேன். நீங்க அந்தப் பெருச எடுத்துக்கங்க, கல்லாட்டம் இருக்குது."

கல்லாட்டம்தான் இருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் தோள் விண்விண்ணென்று தெறித்தது. நல்ல சரக்கு ஓட்டையாகிப் போச்சே என்று வயிறெரிந்தாள்.

பத்தாம் நாள், சூளை மேஸ்திரி பழமலைநாதன் வீட்டுக் கல்யாணம். படம் எடுக்க அர்ச்சுனன். அவன் கழுத்தில் அந்தச் சின்ன கேமரா! நீலாவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பந்தியில் படமெடுத்து முடித்தவன், கேமராவை ஆஃப் பண்ணி மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். அவள் எடுத்துக் காதில் வைத்து ஆட்டினாள். கடகட. அதே சனியன். ஓட்டையென்றால் இந்தப் பாவி ஏன் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறான்?

"அண்ணே, இங்க வாங்க!" என்று மேஸ்திரியைக் கூப்பிட்டாள். "இதக் காதுல வச்சுப் பாருங்க."

முப்பது வருசம் சூளையோடு கிடந்த மனுசன் ஒரு ஆட்டு ஆட்டினார். முகம் கறுத்துப் போனது.

"என்னம்மா, விரிசல் விட்ட சரக்காட்டம் ஆடுது?"

"அடிபட்ட கேமராவாம்ண்ணே. இவனேதான் சொன்னான். உங்க பொண்ணு கழுத்துல தாலி ஏறுனத இதுலதான் எடுத்திருக்கான்."

"யோவ்!" மேஸ்திரி போட்ட சத்தத்தில் பந்தியே நிமிர்ந்தது. "எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஓட்டை கேமராவா எடுத்தாந்த?"

அர்ச்சுனன் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தான். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க! கை நடுங்குனாலும் படம் ஆடாம இருக்க உள்ள லூசா ஒரு பாகம் வச்சிருக்காங்க. ஆஃப்ல இருந்தா அப்படித்தான் கடகடங்கும். ஆன் பண்ணா நின்னுடும், பாருங்க!" ஆன் பண்ணி ஆட்டிக் காட்டினான். சத்தமே இல்லை.

"அப்ப நல்ல கேமராதான்?" என்றாள் நீலாவதி.

"முதல் தரங்க!" என்றான் மேஸ்திரியைப் பார்த்து. சொன்ன பிறகுதான் கேட்டது யாரென்று உறைத்தது.

"குடுறா" என்று நீலாவதி கையை நீட்டினாள்.

இத்தனை பேர் பார்க்க அவனால் மறுக்க முடியவில்லை. மெமரி கார்டைக் கழற்றச் சொல்லி, அவன் சட்டைப் பையிலேயே போட்டாள். ஹம்பிக்குப் பழகலாமென்று எடுத்து வந்திருந்த பெரிய கேமராவை அவன் கழுத்தில் மாட்டினாள். சின்னதைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

பிறகு அவன் நெஞ்செலும்பில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரிஜெக்ட்டு" என்றாள்.

முதலில் சிரித்தவர் மேஸ்திரிதான்.