காலி இடம் விடாத பக்கம்

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். புடவைக் கடையில் புடவையைத் திருப்புவேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் எந்த அச்சகம் என்று பின்பக்கத்தில் தேடுவேன். இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஆம்பூரில் தோல் வேலை பார்த்த யாரிடமாவது ஒரு பர்ஸை நீட்டிப் பாருங்கள். வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே விரலை நுழைத்துத் தோலின் பின்பக்கத்தைத் தடவுவார்கள். மேல்பக்கம் எந்தப் பாலிஷையும் ஏற்றுக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும்.

நான் முதலில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், சாயம் கலந்து பார்க்கும் கலர் லேபில் இருந்தேன். பிறகு ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் பல வருஷம். போன வருஷம் அதையும் விட்டுவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்துத் தோல் பைகள் செய்ய ஆரம்பித்தேன். வெட்டுவதற்கு நான் இருக்கிறேன், தைப்பதற்கு யார்? அதே கம்பெனியின் தையல் லைனில் இருந்த என் தோழியைக் கூப்பிட்டேன். அவள் கை பட்டால் தையல் கோடு போட்ட மாதிரி ஓடும். என் பேச்சை நம்பி வந்துவிட்டாள்.

அவள் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அவளுடைய சூப்பர்வைசர் நல்ல மனிதர். மாதக் கடைசி வரைக்கும் அவள் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் எங்களுக்கு ஒரு நிலையான ஆர்டர் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் லைனுக்குத் திரும்பிவிடுவாள். அந்தக் கெடுவும் தாண்டிவிட்டால் வேறு ஏதாவது கம்பெனியில் ஹெல்ப்பராக மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நான் தைரியமாக இருந்ததற்குக் காரணமே அந்த மெஷின் அவளுக்காகக் காத்திருந்ததுதான்.

ஆர்டர் கொடுக்கக்கூடியவர் ஒருவர் தானாக வந்து சேர்ந்தார். பெங்களூரில் கைப்பைக் கடை வைத்திருக்கும் அம்மா. சென்னைக்குப் போகிற வழியில் பிரியாணிக்காக இறங்கியவர், கடை வாசலில் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டார். நானே செய்தது என்றதும் வெப்சைட் இருக்கிறதா என்றார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறேன் என்றேன். அப்படி அனுப்புகிறவர்கள் ஆயிரம் பேர், லிங்க் இருந்தால் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ரெடியாகிக்கொண்டிருக்கிறது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் தம்பி கம்ப்யூட்டர் ஆள். வேலூரில் லாங் பஜார் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டிகளுக்கும் டூவீலர்களுக்கும் நடுவில் இடிபட்டு அவன் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தேன். பையன் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவான் என்று நினைப்பு. மாட்டேன் என்றுவிட்டான். அவன் செய்து கொடுத்தால் நாளைக்கு ஒரு பர்ஸின் படத்தை மாற்றவும் அவனைத்தான் கூப்பிடுவேனாம். நீயே எழுது என்று லேப்டாப்பில் ஒரு எடிட்டரைத் திறந்து காட்டினான். கருப்புத் திரை, அதில் கலர் கலராக எழுத்து. வெப்சைட்டாகத் தெரிய வேண்டிய பக்கம் எங்கே என்று கேட்டேன். எழுதி முடித்துத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும் என்றான்.

கண்ணைக் கட்டிக்கொண்டு தோல் வெட்டச் சொல்கிறானே என்று எரிச்சல் வந்தது. படத்தை மவுஸால் இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறதாமே என்றேன். நான் ஏதோ பிரியாணியில் சர்க்கரை கேட்ட மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"அதெல்லாம் வேணாக்கா. அது உள்ள இன்னா எழுதுதுன்னு உனக்கே தெரியாது."

கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர்களுக்கு வருகிற திமிர் அது. எங்கள் கட்டிங்கிலும் உண்டு. ஆனால் அவன் சொன்ன ‘உள்ள’ என்ற வார்த்தை பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பில் இரண்டு சாஃப்ட்வேரையும் இறக்கினேன். இழுத்து வைக்கிறதைத்தான் முதலில் திறந்தேன்.

அது எனக்குப் பிடித்துப் போனது என்று சொன்னால் போதாது, சாப்பாடு மறந்து போனது. ஒரு படத்தைப் பிடித்து இழுத்தால் கூடவே வருகிறது. விட்ட இடத்தில் நிற்கிறது. சாய்க்கலாம், சுருக்கலாம். இந்த வேலையை நான் எத்தனையோ வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. கட்டிங்கில் ஒரு தோலை விரித்தால் வெட்டும் அச்சுகளை ஒன்றோடொன்று உரசி உரசி வைக்க வேண்டும். வளைவுக்குள் வளைவு, மூலைக்குள் நாக்கு. நடுவில் விரல் அகலம் காலியாக விட்டால் வேஸ்ட் ஜாஸ்தி என்று சூப்பர்வைசர் வந்து நிற்பார். தோலின் முதுகுப் பகுதி கெட்டி, அதிலிருந்து கண்ணில் படுகிற துண்டுகளை எடுப்போம். வயிற்றுப் பகுதி தொளதொள, உள்ளே மறைகிற துண்டுகளுக்கு அது போதும்.

நான் அந்தப் பக்கத்தை அப்படித்தான் அடுக்கினேன். நல்ல பைகள் எல்லாம் நடுவில், மேலிருந்து கீழாக. சில்லறை பர்ஸ், சாவிக்கொத்து எல்லாம் ஓரங்களில். கைப்பிடியின் வளைவுக்குள் ஒரு சின்ன பர்ஸைத் திருப்பி வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. போன் நம்பருக்கு மட்டும் இடம் போதவில்லை, அதைச் சாய்த்து இரண்டு பைகளுக்கு நடுவில் செருகினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் எங்கேயும் வெள்ளை தெரியவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. மறுநாள் தோழியிடம் காட்டினேன். அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். ஒரு இன்ச்கூட வேஸ்ட் பண்ணவில்லை என்று மெச்சினாள். எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பிறகு அதே பக்கத்தை அவள் தன் போனில் திறந்தாள்.

பைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஓரத்தில் வைத்த சாவிக்கொத்து முதலில் வந்து நின்றது. நடுவில் வைத்த பெரிய பை பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. போன் நம்பரைக் காணவே காணோம். பெங்களூர் அம்மா காரிலேயே வாழ்கிறவர், போனில்தான் பார்ப்பார்.

தோழி பதறவில்லை. அது பெரிய தோல், இது சின்னத் தோல், அதே அடுக்கு எப்படிப் பொருந்தும் என்றாள். தேடிப் பார்த்ததில் அந்த சாஃப்ட்வேரில் போனுக்கென்று தனியாக ஒரு அடுக்கு இருந்தது. அதை நான் தொடவே இல்லை. அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. சரி என்று அதையும் அடுக்க ஆரம்பித்தேன். இங்கே ஒரு படத்தை நகர்த்தினால் அங்கேயும் போய் நகர்த்த வேண்டும். ஒரே செருப்பை இரண்டு தடவை தைக்கிற பேஜார்.

அப்போதுதான் என் பழைய வியாதி தலையைத் தூக்கியது. பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வழி உண்டா? உண்டு. மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் அந்தப் பக்கம் எதனால் ஆனது என்று காட்டுகிறது. திறந்தேன். தலை சுற்றியது. ‘கைப்பைகள்’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தேன். அது ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள், அதுவும் வேறொன்றுக்குள் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் இங்கிருந்து இவ்வளவு தள்ளு, மேலிருந்து இவ்வளவு இறக்கு என்று கட்டளை. என் கை இழுத்த ஒவ்வொரு இழுப்பையும் அது உண்மையாக எழுதி வைத்திருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, ஆசையாக இருந்தது. கம்மியாக எழுதினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

தம்பியின் கருப்புத் திரையைத் திறந்தேன். ஒரு தலைப்பு, ஒரு படம், நாலு வரி. எங்கே வைக்க வேண்டும் என்று எழுதத் தெரியாததால் எழுதவில்லை. போனில் திறந்தால் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒழுங்காக, திரைக்குத் தக்கபடி மடங்கி நின்றது. லேப்டாப்பில் அகலமாக விரிந்துகொண்டது. நான் எதுவுமே சொல்லாவிட்டால் அதுவே பார்த்துக்கொள்கிறது. அதை நம்ப முடியாமல் ஜன்னலைச் சுருக்கியும் விரித்தும் ரொம்ப நேரம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

கலரில்தான் திண்டாடினேன். இழுத்து வைக்கிற சாஃப்ட்வேரில் கலர் தட்டு இருக்கும், தொட்டு எடுத்துக்கொள்ளலாம். இங்கே சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று எழுத வேண்டும். லேபில் இருந்தவளுக்கு இது பெரிய விஷயமா என்று எழுதினேன். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் சாயம் ஏற்றும் டிரம்மில் பழுப்பு வரும், எங்கள் பைகளின் கலர். அதனால் இரண்டையும் முழுசாகப் போட்டேன். பளீரென்று மஞ்சள். ஏதோ தப்பு என்று நீலத்தையும் சேர்த்தேன், கருக்கும் என்று. எல்லாம் போய் வெள்ளையாகிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்தேன், கருப்பு. லேபில் இப்படி ஒரு டிரம் இருந்தால் மந்திரித்து விட்டிருப்பார்கள்.

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான்.

"அது சாயம் இல்லக்கா, வெளிச்சம். ஒண்ணுமே போடலன்னா இருட்டு."

அதற்கப்புறம் நான் பழுப்பைத் தேடிப் போன வழி தனிக் கதை. சிவப்பைப் பாதிக்கு மேல், பச்சையை அதில் பாதி, நீலத்தைச் சும்மா ஒரு சிட்டிகை. கடைசியில் மேஜை மேல் இருந்த பையை எடுத்துத் திரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றாக இருந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தனை பேர் என்றால் என் தோழி ஒருத்திதான்.

பக்கம் முடிந்தது. பைகளைச் சுற்றி வேண்டுமென்றே காலி இடம் விட்டேன். முதலில் மனசு ஒப்பவே இல்லை, அவ்வளவு தோல் வீணாகிறதே என்று கை தானாகப் போய் எதையாவது செருகப் பார்த்தது. இழுத்து வைக்கிற சாஃப்ட்வேரையும் நான் தூக்கிப் போடவில்லை. எது எங்கே இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று அதில் பார்த்துக்கொண்டு, பிறகு கையால் எழுதுகிறேன். தம்பிக்கு இதில் சம்மதம் இல்லை. அவன் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

அதை நெட்டில் ஏற்றிப் பெங்களூர் அம்மாவுக்கு லிங்க்கை அனுப்பினேன். ஒரு வாரம் சத்தமே இல்லை. மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கென்ன, எதையாவது செய்து பிழைத்துக்கொள்வேன். தோழியிடம் லைனுக்குத் திரும்பிப் போ என்று எந்த வாயால் சொல்வது என்பதே கவலையாக இருந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், பெங்களூரிலிருந்து போன் வந்தது. பெரிய பையில் மூன்று கலர், மாதா மாதம் வேண்டும், முதலில் சாம்பிள் அனுப்புங்கள் என்றார். வெப்சைட் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனை வைத்துவிட்டு ஓடினேன். தோழி ஒரு பர்ஸின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். அவள் கண்ணைத் திறக்கும் வரை காத்திருந்து, உன் சூப்பர்வைசரிடம் போய் அந்த மெஷினை இனிமேல் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கச் சொல்லு என்றேன்.

அவள் பர்ஸிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்.

"அத நான் எப்பவோ சொல்ட்டேன்டி. நீ மொதல்ல படத்தை எல்லாம் நவுத்திக்கினு இருந்தே இல்ல, அந்த வாரமே. ஒரு பொண்ணு வேலைக்காக அங்க காத்துக்கினு இருந்துச்சு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ பயந்துக்கினு எதையாவது முடிச்சு அனுப்பியிருப்பே."

பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் ஏன் மஞ்சள் என்று நான் வியந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அவளுக்குத் திரும்பிப் போக இடமே இருக்கவில்லை. என் பக்கத்தில் நின்று அந்த மஞ்சளைப் பார்த்து அவளும் சிரித்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆர்டர் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம், கிடைத்த பிறகுதான் என்னைப் பிடித்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.